பாலைவனத்தில் வீடு பார்க்கப் போனோம்

என் மகள் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் தன் வீட்டு பேஸ்மென்ட்டைக் கட்டி முடித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போனது. தனி வாசல், தனிக் குளியலறை, வழுக்காத தரை, போதாததற்குச் சுவர் நீளத்துக்கும் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கம்பி. அந்தக் கம்பியைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு அறுபத்திரண்டு வயது, என் கணவருக்கு அறுபத்தாறு. மில்லிக்கனில் ஒரே வீட்டில் இருபத்தேழு வருடமாகக் கம்பி பிடிக்காமல் மாடிப்படி ஏறி இறங்குகிறவர்கள் நாங்கள். அந்த வீட்டை விற்றுவிட்டு நாங்கள் பேஸ்மென்ட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது மகளின் திட்டம். அந்த வீட்டை விட்டு ஒரு அடி அசைவதில்லை என்பது என் திட்டம். கணவருக்குத் திட்டம் எதுவும் கிடையாது. அவள் பேசினால் அவளுக்குத் தலையாட்டுவார், நான் பேசினால் எனக்கு.

அவளிடம் ஆதாரம் இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. முதலாவது, வாசலில் இறுகிக் கிடந்த ஐஸைக் கரைக்கிறேன் என்று கணவர் ஒரு பானை கொதிதண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினார். அது பத்து நிமிடத்தில் கண்ணாடி போல உறைந்தது. அவர் அதில் கால் வைத்து, பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி வரைக்கும் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். இரண்டாவது என்னுடையது. நான் காரை ஒரு கடைத்தொகுதிப் பிளாசாவில் நிறுத்திவிட்டு, றோட்டைக் கடந்து எதிர்ப் பிளாசாவில் மீன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கார் இல்லை. களவு போய்விட்டது என்று பொலிஸைக் கூப்பிட்டேன். வந்த பொலிஸ்காரர் நல்ல மனிதர். சிரிக்காமல் என்னைக் கையைப் பிடித்து றோட்டைக் கடத்திக் காருக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனார். மீனைப் பற்றியும் விசாரித்தார்.

"அம்மா, நீங்கள் ஒரு பிளாசாவுக்குள்ளயே தொலையிறீங்கள்" என்றாள் மகள்.

இந்த நிலையில்தான் அரிசோனாவில் கணவரின் நண்பர் ஒருவருடைய மகனுக்குக் கல்யாணம் வந்தது. மகளுக்கு லீவு இல்லை. நாங்கள் இருவரும் தனியாகப் போவோம், கல்யாணம் முடிந்தும் இரண்டு நாள் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம் என்று நான் அறிவித்தேன்.

"சரி, டீல்" என்றாள் மகள். "ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா எனக்குக் கோல் பண்ணவேணும். ஐஞ்சு நாளும் ஒரு பிரச்சினையும் இல்லாமல் வந்தால், நான் பேஸ்மென்ட் கதையை விடுறன். ஒரு கோல் மிஸ் ஆனாலும் ஸ்பிரிங்கில வீட்டுக்கு ஃபோர் சேல் போர்ட் போடுறம். ஓகேயா?"

"ஓம்" என்றேன். கணவரும் தலையாட்டினார்.

முதல் மூன்று நாளும் மணியடித்தாற்போல் மத்தியானமும் பின்னேரமும் கூப்பிட்டோம். நாலாம் நாள் காலை ஹோட்டலில் சாப்பிடும் அறையின் சுவரில் ஒரு பழைய படத்தைப் பார்த்தேன். மலையடிவாரத்தில் தனியாக ஒரு வீடு, பக்கத்தில் காற்றாடிக் கம்பம், மாட்டுத் தொழுவம். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டபோது அது கைவிடப்பட்ட மாட்டுப் பண்ணை என்றும், இன்னும் அங்கேதான் நிற்கிறது என்றும் சொன்னாள். காரில் நாற்பது நிமிடம். அங்கிருந்து ஒரு நடைபாதை இருக்கிறது, அது ஒரு வறண்ட ஆற்றோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பாதையே இல்லை, ஆற்று மணலிலேயே ஒரு மணிநேரம் மேலே நடக்க வேண்டும். நடக்கக்கூடியவர்கள் போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார்கள் என்றாள்.

நடக்கக்கூடியவர்கள் என்றால் அது நான்தான். குளிர்காலம் முழுவதும் கடைகள் திறக்க முன் மோலுக்குள் சுற்றி நடக்கிற எங்கள் ஆட்களின் கூட்டத்தில் நான் எப்போதும் முன்னுக்கு. பத்துச் சுற்று நடந்தும் மூச்சு வாங்காது. மோலின் தரை மட்டம் என்பதையும், இருபது அடிக்கு உட்கார ஒரு வாங்கும் இரண்டு பக்கமும் கழிப்பறையும் உண்டு என்பதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

கணவரைக் கிளப்புவது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவர் பதினைந்து வருடம் வீடு விற்கும் ஏஜென்டாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வீதியில் ஓப்பின் ஹவுஸ் போர்ட் கண்டால் காரைத் தன்பாட்டில் ஓரம் கட்டுவார்.

"எவ்வளவு காலமா வெறுமையாக் கிடக்குதாம்?" என்று கேட்டார்.

"ஐம்பது, அறுபது வருசமாம்."

"அறுபது வருசம் மார்க்கெட்டில நிக்குதெண்டால் விலை பிழை" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைத் தேடப் போனார்.

அறைக் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து மகளின் கோல் வந்தது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிக்கிடுகிறவரைப் பார்த்து 'எங்கே போகிறீர்கள்' என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. எங்கள் ஆட்களில் பலருக்கு இது இருக்கிறது, என் கணவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, அவர் வாசலில் நின்று கார்த் திறப்பைக் கையில் எடுத்த நேரம், "அப்பா, எங்க போறீங்கள்?" என்று கேட்டுவிட்டாள். அவர் திரும்பி வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பத்து நிமிடம் சுவாமிப் படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி புறப்பட்டார். அந்தப் பத்து நிமிடத்தில் வாங்க இருந்தவர்கள் வேறு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்று நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு நான்தான் அவளுக்குப் பழக்கினேன். "எங்கை எண்டு கேக்காதை பிள்ளை. தூரமோ எண்டு கேள். அது பிழையில்லை." பிள்ளை ஒருமுறை சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். இன்று அவளுக்கு முப்பத்துநாலு வயது, ஒரு நாளும் மாறிக் கேட்டதில்லை.

"அம்மா, வெளிக்கிடுறீங்களா? தூரமோ?" என்று கேட்டாள்.

"கிட்டத்தான்" என்று பின்னால் குனிந்து சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்த கணவர் குரல் கொடுத்தார்.

"ஓகே. மத்தியானம் கோல் பண்ணுங்கோ."

நாங்கள் கொண்டுபோன சாமான்கள் இவை: கல்யாணத்தில் தந்த, மாப்பிள்ளை பொம்பிளை படம் ஒட்டிய சின்னத் தண்ணீர்ப் போத்தல் இரண்டு, கல்யாண வீட்டுப் பலகாரப் பை, என் கைப்பை. நடைபாதை தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தியபோது ஒன்பது மணி. வெயில் இதமாக இருந்தது. ரொறன்ரோவில் அன்று மைனஸ் பதினெட்டு என்று போன் காட்டியதும் எங்கள் இருவருக்கும் இன்னும் இதமாக இருந்தது.

பாதை முடிந்து வறண்ட ஆற்றில் இறங்கிய பிறகுதான் மணலில் நடப்பது வேறு தொழில் என்று தெரிந்தது. ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் போனது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கள்ளி மரங்கள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றன. ஆறு இரண்டாகப் பிரிந்த இடத்தில் கணவர் நின்று, திரும்பி வர அடையாளம் வேண்டும் என்று சுற்றிப் பார்த்தார்.

"இஞ்சை பாரும். ரெண்டு கையும் தூக்கிக்கொண்டு நிக்கிற கள்ளி. இதை மறக்கப்படாது."

நானும் நன்றாகப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டேன். அந்த நாட்டில் கள்ளிகள் எல்லாமே அப்படித்தான் நிற்கும் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

பதினொன்றரைக்குப் பண்ணையைக் கண்டோம். உண்மையாகவே படத்தில் இருந்த வீடுதான். காற்றாடியில் இதழ்கள் இல்லை, கூரை இல்லை, ஒரு பக்கச் சுவர் இல்லை. கணவர் முதலில் வாசலில் நின்று சூரியனைப் பார்த்தார்.

"கிழக்கு வாசல்" என்றார். குரலில் மரியாதை வந்திருந்தது.

பிறகு உள்ளே போய்ச் சுவரைத் தட்டினார். தரையைக் காலால் உதைத்தார். பழக்கதோஷத்தில், தண்ணீர்க் குழாய் இருந்திருக்கக்கூடிய இடத்தில் குனிந்து ஒழுக்கு இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"ஓப்பின் கொன்செப்ட். வெளிச்சத்துக்குக் குறையில்லை. அயலட்டைக் கரைச்சல் இல்லை. டிரைவ்வேயில ஐஸ் பிடிக்காது."

"பஸ் இருக்கோ?" என்று கேட்டேன்.

"உமக்கு எப்பவும் ஒரு குறை."

நான் சமையலறையாக இருந்த இடத்தில் நின்றேன். துருப்பிடித்த இரும்பு அடுப்பு இருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு ஆணி. கைதுடைக்கிற துணியோ அகப்பையோ மாட்டியிருப்பாள் யாரோ ஒருத்தி. என் வீட்டு அடுப்புக்கு மேலும் அதே உயரத்தில் ஒரு ஆணி இருக்கிறது, வந்த முதல் கிழமை நானே அடித்தது. எனக்கு என் வீடு வேண்டும், என் அடுப்பு வேண்டும், யாருடைய வீட்டுக்கும் அடியில் போய் இருக்க எனக்கு விருப்பமில்லை. அதைச் சத்தமாகவே சொன்னேன். கணவர் கூரை இல்லாத கூரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும்தான்" என்றார். வருடக்கணக்கில் அவர் ஒரு பக்கம் மட்டும் தலையாட்டியது அன்றுதான்.

அப்போது மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம். மகளைக் கூப்பிடப் போனை எடுத்தேன். ஒரு கோடு கூட இல்லை. வாசலுக்குப் போனேன், தொழுவத்துக்குப் போனேன், கல்லால் கட்டிய தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கணவர் பிடிக்க ஏறி நின்று கையை மேலே நீட்டினேன். கள்ளிகளோடு கள்ளியாக நின்றதுதான் மிச்சம்.

"போச்சு, வீடு போச்சு" என்றேன்.

"பதட்டப்படாதையும். ரெண்டு வாய் சாப்பிட்டிட்டு நடப்பம்" என்று அவர் பலகாரப் பையைத் திறந்தார். முறுக்கு முழுவதும் ஹோட்டலிலேயே முடிந்திருந்தது. மிஞ்சியது பயத்தம் உருண்டை. பாலைவனத்தில் சாப்பிடக் கூடாத சாமான் ஒன்று உலகத்தில் இருந்தால் அது பயத்தம் உருண்டைதான். வாயில் போட்டதும் அது மாவாகி மேலண்ணத்தில் ஒட்டி, இருந்த ஈரம் முழுவதையும் குடித்துவிட்டது. அதை இறக்குவதற்கே மாப்பிள்ளையும் பொம்பிளையும் காலியானார்கள். பேச முடியாமல் கையைக் காட்டிக்கொண்டு, கணவர் பக்கத்தில் புல் மாதிரித் தெரிந்த ஒன்றின்மேல் உட்கார்ந்தார். அது புல் அல்ல, தரையோடு படர்ந்த நாகதாளி. அவர் எழும்பிய வேகத்தை நான் எங்கள் கல்யாண வாழ்க்கையில் கண்டதில்லை.

திரும்பும் வழியில் தொலைந்துபோனோம். ஆறு பிரிந்த இடம் வந்தது, அங்கே இரண்டு கையும் தூக்கிய கள்ளிகள் ஒன்பது நின்றன. ஒவ்வொன்றையும் பார்த்து அவர், "இதுதான்" என்றார். நாங்கள் எடுத்த வழி கொஞ்ச நேரத்தில் ஒரு பாறையில் முட்டி நின்றது. மணி ஒன்றரை. தண்ணீர் இல்லை. மோலில் என்றால் நடந்து முடிந்ததும் நான் வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பேன். பயம் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. அழுதேன். கணவர் கோபித்துக்கொள்ளாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றதற்கு வேறு காரணமும் இருந்தது.

பாறைக்கு மேலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. என் வயதுதான் இருக்கும் அந்த வெள்ளைக்காரிக்கு. அகலத் தொப்பி, இரண்டு கையிலும் தடி, முதுகில் பை. தனியாக நடக்கிறாள். இறங்கி வந்து முதலில் தண்ணீர் தந்தாள். பிறகு என் கைப்பையையும் கணவரின் தோல் சப்பாத்தையும் பார்த்தாள். பிறகு கேட்டாள், நீங்கள் இங்கே இருப்பது யாருக்காவது தெரியுமா என்று.

"எங்கள் மகளுக்குத் தெரியும்" என்று கணவர் ஆங்கிலத்தில் கம்பீரமாகச் சொன்னார்.

அவளிடம் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று கேட்டாள்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன்.

"கிட்ட என்று" என்றார்.

"எதற்குக் கிட்ட?"

அவர் நேர்மையாக யோசித்துவிட்டு, "ரொறன்ரோவுக்கு இல்லை" என்றார்.

தான் எந்த ஆற்றால் ஏறி எந்த ஆற்றால் இறங்குவேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதித் தங்கையிடம் கொடுக்காமல் ஒரு நாளும் வருவதில்லை என்றாள் அந்தப் பெண். ஏன் நீங்கள் சொல்லவில்லை என்றாள். கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பதை அந்த நேரத்தில், அந்த இடத்தில் நின்றுகொண்டு, ஆங்கிலத்தில் விளக்குவதற்கு எனக்கு முகம் இருக்கவில்லை.

அவள் எங்களைக் காரடியில் கொண்டுவந்து விட்டபோது மணி மூன்றரை. கார் வந்த வழியே பத்து நிமிடம் போனதும் போன் துள்ளத் தொடங்கியது. மிஸ்ட் கோல், மெசேஜ், மிஸ்ட் கோல். நான் எடுத்து அழுத்தினேன். முதல் மணி முடியவில்லை.

"அம்மா! எங்க நிண்டனீங்கள்?"

கணவர் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சைகை காட்டினார். பைகள் தூக்கிக்கொண்டு நடப்பது போல. எனக்கு என் வீட்டு ஆணிதான் கண்ணுக்கு முன் நின்றது.

"மோலுக்குள்ள நிண்டனாங்கள் பிள்ளை. போனில சார்ஜ் போயிட்டுது" என்றேன்.

"ஓகே" என்றாள்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அவள் மில்லிக்கனுக்கு வந்தாள். நான் இடியப்பமும் சொதியும் செய்து வைத்திருந்தேன். கணவர் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டார். நாகதாளியின் பெரிய முட்களை நான் புருவம் பிடுங்குகிற இடுக்கியால் எடுத்துவிட்டிருந்தேன். மயிர்போல் இருந்த சின்ன முட்கள் அவருக்கு மட்டும்தான் தெரிந்தன.

"அப்பா ஏன் நிக்கிறார்?"

"பிளேனில கனநேரம் இருந்திட்டன்" என்றார் அவர்.

அவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "அம்மா, நான் யோசிச்சனான். ஒரு கோல்தானே மிஸ் ஆனது, அதுவும் மோல்ல. வீட்டை விக்க வேண்டாம். நான் இனி அந்தக் கதை கதைக்கேல்லை."

நான் வென்றுவிட்டேன். அவளுக்கு இன்னொரு கரண்டி சொதி விட்டேன்.

"அதோட ஸொறி" என்றாள். "நான் ஓவராப் பயந்திட்டன். அண்டைக்கு அரிசோனா பொலிஸுக்கே கோல் பண்ணிட்டன். அவர் எங்க போனவை எண்டு கேட்டார். தெரியாது, கிட்ட எண்டு சொன்னவை எண்டன். எனக்கே வெக்கமாப் போச்சு. லூசுமாதிரி அழுதன். மோலுக்குள்ள நிண்ட ஆக்களுக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கரண்டியை வைத்துவிட்டேன். என் பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், நான் சொதி விடுகிறேன். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மோல் இல்லை பிள்ளை. பாலைவனத்தில நிண்டனாங்கள். பாதை இல்லாத இடத்தில. தொலைஞ்சுபோனம்." ஆறு, கள்ளி, பயத்தம் உருண்டை, பாறைக்கு மேல் நின்ற பெண் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ஏன் நிற்கிறார் என்பதையும் சொன்னேன். கணவர் என்னை முறைத்துவிட்டுப் பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"சின்னனில அப்பா வெளிக்கிட்டதும் நான் அந்த ஜன்னலடிக்கு ஓடுவன். தெரியுமா?" என்றாள். "கார் லெஃப்ட்ல திரும்பினா கடைக்கு. றைட்ல திரும்பினா வேலைக்கு. கேக்கக் கூடாதுதானே. நானா நினைச்சுக்கொள்ளுவன். அம்மா, எனக்கு நீங்கள் பேஸ்மென்ட்ல இருக்கவேணும் எண்டு இல்லை. அங்க இருந்தா கேக்காமலே தெரியும், அதுதான்."

எனக்கு இது தெரியாது. இருபத்தேழு வருடம் அதே வீட்டில், அதே சமையலறையில் நின்றும் எனக்குத் தெரியாது. அந்த ஜன்னலுக்குத் திரை தைத்ததே நான்தான்.

"அப்ப வீடு?" என்று கேட்டேன்.

"இருங்கோ, விக்க வேண்டாம். ஆனா இனி நான் எங்க எண்டு கேப்பன். ஒவ்வொரு நாளும் கேப்பன். அப்பா திரும்பி வந்து இருந்து தண்ணி குடிக்கக் கூடாது."

"இப்ப அவரால இருக்கவும் ஏலாது" என்றேன். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

தேத்தண்ணீர் போடப் பார்த்தால் பால் இல்லை. கணவர் குளிர்ச் சட்டையைப் போட்டு, கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். பிறகு, வெளிக்கிட்டால் திரும்பிப் பார்க்கவே மாட்டாத அந்த மனிதர் திரும்பினார்.

"பிள்ளை, நான் பால் வாங்கப் போறன்" என்றார். "ஸ்டீல்ஸ் றோட்டுக் கடைக்கு. லெஃப்ட்ல திரும்புவன். பத்து நிமிசத்தில வாறன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவள் எழும்பி ஜன்னலடிக்குப் போய்த் திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். கார் பனியில் மெதுவாகப் பின்னால் வந்து, இடது பக்கம் திரும்பிப் போனது.